பாகம் வாங்கும் முன் அளந்து பாருங்கள், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அரச்சலூர் சாளையில் சாக்கு போர்த்திக் கிடந்த அப்பாருவின் புல்லட்டைப் பிரித்துவிட்டீர்களாம், அதைப் பாறையும் சேறும் தாண்டும் ட்ரையல்ஸ் போட்டி வண்டியாக்கப் போகிறீர்களாம். அக்கா சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் பாகங்களுக்கெல்லாம் ஆர்டர் போடப் போகிறீர்கள் என்றும் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆர்டரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். முதலில் அளவு, அப்புறம்தான் பாகம்.

புல்லட் 350 பிஸ்டன் என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம், கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின், இடையில் வந்த ஏ.வி.எல், பிறகு வந்த யு.சி.இ மூன்று எஞ்சினுக்குமே போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., 346 சி.சி. உள்ளே இருப்பதுதான் வேறு. உங்களுடையது வலது கால் கியர், பின்னால் தனியாகப் பூட்டிய நாலு கியர் பெட்டி, வார்ப்பிரும்பு சிலிண்டர். பழைய பிஸ்டனைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பிஸ்டனுக்குக் குறுக்கே போகும் பின்னின் விட்டம், அந்தப் பின்னிலிருந்து தலை வரை உயரம், ரிங் பள்ளம் எல்லாவற்றையும் கடையிலேயே ஒத்துப் பாருங்கள்.

அதற்கு முன் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். மேல் விளிம்பிலிருந்து விரல் நகத்தைக் கீழே ஓட்டுங்கள். ரிங் ஏறி நின்று திரும்பும் இடத்தில் படி மாதிரி நகம் தட்டினால் போர் போட்டே, அதாவது உள்ளே கடைந்து பெரிதாக்கியே ஆக வேண்டும். பிஸ்டன் தலையில் கரியைச் சுரண்டினால் 20, 40, 60 என்று ஏதாவது எண் குத்தியிருக்கும். அது ஏற்கெனவே எத்தனை தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் போயிருக்கிறது என்ற கணக்கு. 60-ஐயும் தாண்டித் தேய்ந்திருந்தால் உள்ளே புதுக் குழாயாக ஸ்லீவ் இறக்குவதே நல்லது. எதுவானாலும் புது பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்த பிறகே போர் போடச் சொல்லுங்கள். மெதுவாக, சூட்டில் ஓடப்போகிற வண்டி என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் போர் போடுபவர் இடைவெளியை இறுக்கமாக வைத்துவிடப் போகிறார்.

எனக்கு அதிகக் கவலை பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் மேல்தான். இந்த எஞ்சினில் கிராங்க் பின்னுக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவே உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான், அதாவது இடையில் தளர்வாகச் சுற்றும் உலோக வளையம்தான். எண்ணெய்ப் படலத்தை நம்பியே அது ஓடுகிறது. ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், துளி ஆட்டமும் தெரியக்கூடாது. பக்கவாட்டில் நகர்வது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆட்டம் இருந்தால் ஃபிளைவீலைப் பிரித்து, கிராங்க் பின்னும் புஷ்ஷும் மாற்றி, லேத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஏற்றி டயல் கேஜ் வைத்து நேர் பார்க்க வேண்டும். புது புஷ் போட்டுவிட்டு ஆயில் பம்பைப் பார்க்காமல் மூடினால் அந்தப் புஷ் நிலைக்காது. ட்ரையல்ஸில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், பம்பும் மெதுவாகவே சுற்றும். தேய்ந்த பம்ப் அந்த வேகத்தில் எண்ணெயை எட்ட வைக்காது.

இதற்கெல்லாம் டெல்லி கரோல் பாக் வரை போக வேண்டியதில்லை. இங்கே கோவையில் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் மோட்டார் பம்புக்குக் கன்மெட்டல் புஷ் கடைந்தே கைப்பழக்கம் வந்தவர்கள் இருக்கிறார்கள். கனெக்டிங் ராடின் பிஸ்டன் பக்கத்து ஸ்மால் எண்ட் புஷ் அவர்களுக்குச் சாதாரண வேலை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளையும் விடாதீர்கள். ஒன்று மட்டும்: கிராங்க்கேஸில் ஒரு பாதி உடைந்திருக்கிறது என்று வேறு எஞ்சினின் பாதியைச் சேர்க்காதீர்கள். இரண்டு பாதியும் சேர்த்து வைத்துக் கடைந்தவை. எஞ்சின் நம்பரும் அதில்தான் இருக்கிறது, மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் தகராறு.

அப்புறம், பவர் கூட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் ஃபிளைவீலை இழைத்து எடை குறைக்க விடாதீர்கள். ட்ரையல்ஸ் வேகப் பந்தயம் இல்லை. பாறையும் சேறும் தாண்டும்போது கால் ஊன்றினால் புள்ளி ஏறும், குறைந்த புள்ளிக்காரரே ஜெயித்தவர். அந்தக் கனமான சக்கரம்தான் எஞ்சினை அணையவிடாமல் பாறை மேல் இழுத்து ஏற்றும். பின் சக்கரத்தை மேலும் கீழும் ஆடவிடும் ஸ்விங் ஆர்ம் வைத்த புல்லட் முதலில் வெளியே வந்ததே 1948-இல் இங்கிலாந்தின் கோல்மோர் கப் ட்ரையலில்தான். ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையலை 350 புல்லட்டில்தான் வென்றார். பெரிய கார்பரேட்டருக்குச் செலவழிக்கும் காசில் செயின் ஓடும் முன் ஸ்பிராக்கெட்டில் பல் குறைத்து, பின்னதில் கூட்டுங்கள். காங்கேயத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக் கரட்டில் வண்டி நடை வேகத்தில் ஏறும்.

கிராங்கையும் ஆயில் பம்புகளையும் பிரிக்காமல் அப்படியே எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்து, ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் எடுத்து வாருங்கள். சிலிண்டரும் பழைய பிஸ்டனும் கூடவே வரட்டும். கணபதிக்கு நானே கூட்டிப் போகிறேன். அளந்த பிறகு என்னென்ன வாங்குவது என்று பட்டியல் எழுதலாம்.

அன்புடன்,
மாமா