அரிசிச் சிப்பத்துக்கா, சிமெண்டுக்கா?

அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபித்துக்கொள், உனக்கு உரிமை உண்டு. ராத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சம்பா அறுப்பு நடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்பதால் ரோடெல்லாம் நெல் காய்கிறது. கணக்கு வாத்தியார் உன்னை விசாரித்தார்.

ஜமாஅத் குழுவில் போட்ட அந்தப் பிளான் படத்தைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். தங்கிப் படிக்கிற மதரஸாவுக்கு இரண்டாவது மாடி போடுகிறார்கள், இந்த வருஷத்துக் கட்டாய தர்மமான ஸகாத்தை மொத்தமாக அங்கேயே கொடுத்துவிடவா என்று கேட்கிறாய். உன் சின்ன மகனோ மார்க்கப் பள்ளிக்கு ஊர்ப்பணம் எதற்கு, ஆஸ்பத்திரிக்குக் கொடுங்கள் என்கிறான். உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கொடு. தாராளமாகக் கொடு. ஆனால் மாடிக்கு ஸகாத்தைக் கொடுக்காதே.

குர்ஆன் 9:60 ஸகாத்துக்கு எட்டுப் பேரைச் சொல்கிறது: ஃபகீர், மிஸ்கீன் என்ற இருவகை ஏழைகள், வசூலிப்பவர், உள்ளம் ஈர்க்கப்பட வேண்டியவர், அடிமைத்தளையில் உள்ளவர், கடனாளி, அல்லாஹ்வின் பாதையில் இருப்பவர், வழிப்போக்கர். இந்த வரிசையில் கட்டடம் இல்லை. நம் ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) தம்லீக் வேண்டும், அதாவது ஏழையின் கையில் பணம் போய் அவனுக்குச் சொந்தமாக வேண்டும். சிமெண்ட் மூட்டை எதற்கும் சொந்தக்காரன் ஆகாது. உஸ்தாது (ஆசிரியர்) சம்பளமும் அப்படித்தான். அது வேலைக்கான கூலி, கூலியை ஸகாத்தில் கழிக்க முடியாது. பிற்கால அறிஞர்களில் சிலர் ‘அல்லாஹ்வின் பாதை’ என்பதை விரித்து மார்க்கக் கல்வியையும் அதில் சேர்க்கிறார்கள். உங்கள் சிங்கப்பூரில் இஸ்லாமிய மன்றமான முயிஸ் அந்த வகையில்தான் மதரஸாக்களுக்குக் கொடுக்கிறது. ஆனால் நம் ஊரில் ரசீதில் ஹனஃபி சட்டம் அச்சடித்துவிட்டுச் செலவில் மட்டும் வேறு கருத்தைப் பிடித்துக்கொள்வது முறையில்லை.

இங்கேதான் ஹீலா, அதாவது சட்டத்தைச் சுற்றிப் போகிற உபாயம், வருகிறது. பல இடங்களில் நடப்பதைச் சொல்கிறேன். ரமளானில் சேர்ந்த ஸகாத் பணத்தை ஓர் ஏழை மாணவன் கையில் வைப்பார்கள். அவன் ‘பெற்றுக்கொண்டேன், மதரஸாவுக்கே அன்பளிப்பாகத் தருகிறேன்’ என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பான். இரண்டு நிமிடத்தில் ஸகாத் வெறும் நன்கொடையாகி, கம்பி, ஜல்லி, பெயிண்ட் எதற்கும் போகலாம் என்று ஆகிவிடும். மச்சான், அந்தப் பையன் ‘தரமாட்டேன், எங்கள் உம்மாவுக்குக் கடன் இருக்கிறது’ என்று சொல்ல முடியுமா? சொல்ல முடியாது என்றால் பணம் ஒரு நொடிகூட அவனுடையதாக இருக்கவில்லை. இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நெருக்கடிக்கென்று அனுமதித்த வழியை ஆண்டு வரவுசெலவின் அடித்தளமாக ஆக்கிவிட்டார்கள்.

நேர் வழி கடினமே இல்லை. ஒரு பையனுக்கு மாதம் சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் சேர்த்து என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டு அதையே கட்டணமாக அறிவிக்க வேண்டும். வசதி உள்ள வீட்டுப் பையன் கட்டட்டும். இல்லாத பையனின் அத்தா (தகப்பன்) கையில், அல்லது பருவம் அடைந்த பையன் என்றால் அவன் கையிலேயே, ஸகாத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் அதிலிருந்து கட்டணம் கட்டுவார். கட்டணமாக வந்த பணம் மதரஸாவின் சொந்த வருமானம். சம்பளமும் கொடுக்கலாம், கூரையும் போடலாம். பணத்தை வாங்கிக்கொண்டு பையனைக் கூட்டிப் போய்விட்டால்? போகட்டும். போக முடிவதால்தான் அது அவனுடைய பணம். தப்பு நடக்கிற இடம் ஒன்று: வசதியான அத்தாவின் சிறு பையனுக்கு ஸகாத் செல்லாது, அவன் அத்தாவின் கணக்கில்தான் சேர்வான். அதனால் சேர்க்கைப் படிவத்தில் குடும்ப வருமானமும் நகையும் கேட்க வேண்டும். நான் பார்த்த படிவங்களில் பெயர், ஊர், எத்தனை ஜுஸ்வு (குர்ஆன் பாகம்) மனப்பாடம் என்பதோடு சரி.

சாப்பாட்டுக் கணக்கைப் பார். மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு பையனுக்கு 400 கிராம் அரிசி வைத்துக்கொள். 40 பையனுக்கு நாளைக்கு 16 கிலோ, மாதம் 480 கிலோ; 25 கிலோச் சிப்பம் 20 வேண்டும். ரமளான் முடிந்து ஷவ்வால் பாதியில் தொடங்கி, அடுத்த ரமளானுக்கு முந்தைய ஷஃபான் பாதியில் முடிகிற பத்து மாதத்துக்கு 4,800 கிலோ. உன் குடும்பத்து ஸகாத் பையன்கள் கையில் அந்தச் சிப்பங்களாகப் போனால் ஒரு பருக்கைகூட சந்தேகத்தில் இருக்காது. உன் வயலுக்கு உரிய உஷரையும், அதாவது விளைச்சலுக்கான ஸகாத்தையும், மறக்காதே. ஆற்றுப் பாய்ச்சலில் தானாக ஏறிய தண்ணீருக்குப் பத்தில் ஒன்று. பம்புசெட் போட்டு இறைத்திருந்தால் இருபதில் ஒன்று. குத்தகைக்காரர் நெல்லாகவே அளக்கத் தயார் என்கிறார். நெல்லாகவே பையன்கள் பெயரில் கொடுத்துவிடலாம்.

சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் லில்லாஹ் பணம் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் குறைவாகத்தான் வரும், உண்மை. ஸகாத் கடமை, கணக்குப் பார்த்துக் கொடுத்தே ஆக வேண்டும், லில்லாஹ் விருப்பம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் எல்லோரும் ஹீலாவைத் தேடுகிறார்கள். முன்பு குர்பானித் தோல் ஓரளவு கைகொடுத்தது. இப்போது தோல் விலை விழுந்து, உப்புச் செலவுக்கும் வண்டிச் செலவுக்குமே சரியாகிறது. தோலை விற்ற காசும் ஏழைக்குத்தான் சேர வேண்டும், சம்பளத்துக்கு ஆகாது, அது வேறு.

இன்னொன்று, ரசீது புத்தகத்தோடு வெளியூரிலிருந்து வருகிறவர்கள். வசூலில் இத்தனை பங்கு அவருக்கு என்று பேசி அனுப்புகிற இடங்கள் உண்டு. என்ன கூலி என்று முன்கூட்டித் தெரியாத அந்த ஒப்பந்தமே சரியில்லை என்பது ஹனஃபி சட்டம். ‘உங்களுக்கு மாதச் சம்பளமா, பங்கா?’ என்று முகத்துக்கு நேரே கேள். கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

சரி, பணத்தின் வகையை விடு. எனக்குத் தூக்கம் கெடுகிற விஷயம் வேறு. ஐந்தாம் வகுப்பு முடித்த பையனைப் பள்ளிக்கூடத்தில் டிசி வாங்கி ஹிப்ளுக்கு, அதாவது குர்ஆன் மனப்பாடத்துக்கு, சேர்க்கிறார்கள். எமிஸ் என்கிற அரசின் மாணவர் பதிவில் அவன் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய் அங்கேயே கிடக்கிறது. முப்பது ஜுஸ்வு முடிக்க மூன்று வருஷமும் ஆகும், நான்கும் ஆகும். காலையில் புதுப் பாடம், பிறகு அந்த வாரத்துப் பாடம், மாலையில் பழைய ஜுஸ்வு திருப்புதல் என்று நாள் முழுக்கப் போகும். முடிக்கிறவன் ஹாஃபிள், ஊரே தலைப்பாகை கட்டிக் கொண்டாடும். பதினைந்து ஜுஸ்வில் நின்றுபோகிறவன்? பதினான்கு வயதில் வீட்டுக்கு வருகிறான். எட்டாம் வகுப்புச் சான்றிதழ்கூடக் கையில் இருக்காது. ஓட்டுநர் வேலைக்குப் போகலாம் என்றாலும் படிப்புச் சான்று கேட்கிற இடத்தில் நிற்கிறான்.

அரசாங்கம் பார்க்காதா என்று உன் மகன் கேட்பான். 2009 கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-இல் வந்த திருத்தம், மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதாவது அந்தச் சட்டத்தின் பெயரில் ஆய்வாளர் யாரும் படியேறி வரமாட்டார். அதனால் கேட்க வேண்டியவன் பணம் கொடுக்கிறவன்தான். மார்க்கப் பள்ளிக்கு ஊர்ப்பணம் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: நல்லவர்கள் கை கழுவிவிட்டால் கேள்வி கேட்கவே ஆள் இருக்காது.

செய்ய முடியாததையா கேட்கிறோம்? பையன்களை உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு, அதிகாலை ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் இரண்டரை மணி நேரமும் மாலை அஸருக்குப் பின் இரவு இஷா வரையும் ஹிப்ளு ஓதலாம். மூன்று வருஷம் ஐந்தாகும், அவ்வளவுதான். அரசுப் பள்ளியில் புத்தகம் இலவசம், முட்டையோடு மதியச் சாப்பாடு பத்தாம் வகுப்பு வரை. மதரஸா அடுப்பில் ஒரு வேளை அரிசி மிச்சம். அது முடியாத இடத்தில், பன்னிரண்டரை வயது நிறைந்தவன் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பதினான்கு நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து பாடத்தோடு பத்தாம் வகுப்பு எழுதலாம், தமிழிலேயே. ஒரு கணக்கு வாத்தியாரும் ஓர் ஆங்கில வாத்தியாரும் வாரம் மூன்று நாள் வந்தால் போதும். உன் நாட்டில் பார், முழுநேர மதரஸா ஆறு இருக்கின்றன. கட்டாயக் கல்விச் சட்டம் வந்த பிறகு அங்கே படிக்கிற பிள்ளைகளும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. எழுதியாக வேண்டும், மதரஸா குறைந்தபட்சத் தரத்தைத் தொடாவிட்டால் முதல் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது. அதற்கும் சமுதாயப் பணம்தான் பெரிய தாங்கல். நிபந்தனையும் நன்கொடையும் சேர்ந்து போகும் என்பதற்கு நீ ஊர்விட்டு ஊர் தேட வேண்டாம்.

மாடியைப் பற்றி ஒன்று மட்டும். 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் 94 குழந்தைகள். சமையல் கூடத்துக் கீற்றில் பிடித்த தீ மாடிக் கீற்றுக்குப் போனது. குறுகலான ஒரே படிக்கட்டு. நம் மாவட்டக்காரர்களுக்கு அதை எழுதிக்காட்ட வேண்டியதில்லை. இந்தப் பிளானில் 40 பையன்கள் தூங்குகிற தளத்துக்கு ஒரே படிக்கட்டுதான் இருக்கிறது, அடுப்படி அதற்கு நேர் கீழே. நீ லில்லாஹ்வாகப் பத்து ரூபாய் கொடுத்தாலும் இரண்டாவது படிக்கட்டுக்கு, சிலிண்டர் வெளியே வைக்கிற தனி அறைக்கு என்று எழுதிக் கொடு. பிள்ளைகளைத் தங்கவைக்கிற விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அது இருக்கிறதா என்று கேள்.

உன் மகனிடம் இதையும் சொல். மார்க்கத்துக்கென்று கொடுத்த பணம் பிற படிப்பைத் தடுத்துவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அதிராம்பட்டினத்தில் எம்.கே.என். மதரஸா டிரஸ்ட்தான் 1955-இல் காதிர் முகைதீன் கல்லூரியைத் தொடங்கியது. 1794-இல் திருவையாற்றில் இறந்த பச்சையப்ப முதலியார் உயிலில் எழுதியவை கோயில் அறங்கள். வழக்கில் கிடந்து மிஞ்சிய பணம் கல்விக்குத் திரும்பி 1842-இல் பள்ளிக்கூடமானது. அதே திருவையாற்றில் வடமொழிக்கென்று 1881-இல் தொடங்கிய கல்லூரியில் 1924-இல் தமிழும் நுழைந்தது. கேட்கிற ஆள் இருந்தபோது ஊர்ப்பணம் விரிந்திருக்கிறது.

ஊரில் யாரும் கண்டுகொள்ளாதவர் மக்தப் உஸ்தாதுதான். மாலையில் அறுபது பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுக்கிறவர். அவர்களில் பெண் பிள்ளைகள் பாதி. அவர்கள் எல்லோரும் பகலில் பள்ளிக்கூடம் போகிறவர்கள், யாருடைய படிப்பும் கெடவில்லை. கொத்தனார் ஒரு வாரத்தில் வாங்குவது அவருக்கு மாதச் சம்பளம். மாடிக்குக் கல்வெட்டில் பெயர் போடுவார்கள், இவருக்குக் கொடுத்தால் போடமாட்டார்கள். உன் லில்லாஹ்வில் முதல் பங்கு இவருக்கு என்றால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

இப்போது உனக்கே உரிய சிக்கல். நீ சிங்கப்பூர்க் குடிமகன். இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் உன் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவு இல்லாத மதரஸா அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தால் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்கு மட்டும்தான் வரவேண்டும். நீ ஊருக்கு வந்து கையில் கொடுத்தாலும் அதே சட்டம்தான். ராத்தா கணக்குக்கு அனுப்பி அவர் வழியாகக் கொடுக்கிறேன் என்று ஆரம்பிக்காதே, அவரை வம்பில் மாட்டிவிடாதே. உன் தம்பி துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறான். அவன் தன் சம்பாத்தியத்தை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. கணக்கிலிருந்து அனுப்பினால் தடையில்லை. நீ ஸகாத்தை உடன்பிறந்தவர்களில் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடு. மார்க்கத்திலும் இரட்டை நன்மை, சட்டத்திலும் உறவினருக்கு விலக்கு உண்டு. சாச்சா (சித்தப்பா) மகன், ராத்தா (அக்கா) மகன் எல்லாம் நமக்குச் சொந்தம். ஆனால் அந்தச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் அவர்கள் இல்லை. தம்பியின் பங்கு சிப்பத்துக்குப் போகட்டும்.

உன் வீட்டம்மாவின் நகைக்கு வருகிறேன். 87.48 கிராம் தங்கம், கிட்டத்தட்ட 11 பவுன், நிஸாப், அதாவது ஸகாத் கடமையாகிற அளவு. அந்த அளவோ அதற்கு மேலோ இருந்து சந்திர ஆண்டு ஒன்று கடந்தால் நாற்பதில் ஒன்று. அதிராம்பட்டினத்துப் பெண்ணாயிற்றே, ஷாஃபி மத்ஹபில் அணிகிற நகைக்கு ஸகாத் இல்லை என்று சட்டம் பேசுவார். அவர் சொல்வதும் சரிதான், நீ வாயைத் திறக்காதே. உன் வங்கி இருப்புக்கு மட்டும் கணக்குப் போடு. இங்கிலீஷ் வருஷத்தில் கணக்குப் போடுகிற பழக்கத்தை மட்டும் விடு, வருஷத்துக்கு 11 நாள் விடுபடுகிறது.

நான்கு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன்: ஸகாத்துக்கும் லில்லாஹ்வுக்கும் தனி வங்கிக் கணக்கு உண்டா, போன வருஷத் தணிக்கை அறிக்கை எங்கே, பள்ளிப் பருவத்துப் பையன்களில் எத்தனை பேர் எமிஸில் இருக்கிறார்கள், இரண்டாவது படிக்கட்டு எப்போது. தம்பி பெயரில் நிர்வாகியான முத்தவல்லிக்கு அனுப்பச் சொல். ஷஃபான் பாதிக்குள் போகவேண்டும். அதற்குப் பிறகு பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், உஸ்தாதுகள் ரசீது புத்தகத்தோடு கிளம்பிவிடுவார்கள், பதில் சொல்ல அங்கே ஆள் இருக்காது.

வஸ்ஸலாம்.
உன் மச்சான்