காயம் சின்னதென்று எழும்பி ஓடாதே

அன்புள்ள மகளுக்கு,

நேற்றுக் கதைக்கும்போது, சிறுநீரக நாளத்தில் சத்திரசிகிச்சை முடிந்த கையோடு அடுத்த கிழமையே வேலைக்குப் போகப்போகிறேன் என்றாய். சின்னச் சின்னக் காயம்தானே அம்மா என்றும் சொன்னாய். கேட்டதில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஃபோனில் என்னைச் சொல்லி முடிக்க விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வாட்டில் வேலை செய்தவள் நான். அப்போது பித்தப்பை எடுத்தவர்களுக்கு விலாவுக்குக் கீழே நீள வெட்டு இருக்கும். அந்த நோவே அவர்களைக் கட்டிலில் கிடத்திவிடும். வீட்டுக்குப் போனாலும் ஒரு வாளி தண்ணீர் தூக்க ஒருவரும் விடமாட்டார்கள். உனக்குச் செய்ததுபோல் கமரா விட்டுச் செய்யும்போது தோலில் துளைதான், ஆனால் உள்ளே நடந்தது பெரிய வேலை. உன் இடது சிறுநீரக நாளம், பெருநாடிக்கும் குடலுக்குப் போகும் நாடிக்கும் நடுவில் பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்குப் போல நசிந்து கிடந்தது. அதனால்தான் அந்த விலா நோவும் சிறுநீரில் இரத்தமும். இப்போது நாளத்தை விடுவித்து, திரும்ப நசியாமல் அதைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள். அது அசையாமல் பிடிக்க வேண்டும், பிள்ளை.

தோள்மூட்டு நோவுக்குப் பயப்படாதே. வயிற்றுக்குள் விட்ட காபனீரொட்சைட்டு மிச்சம் நின்று, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற பிரிமென்றகட்டை உறுத்தினால் தோளில்தான் நோகும். சில நாளில் போய்விடும். மெல்ல மெல்ல நட. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமு. காய்ச்சல், கால் வீக்கம், மூச்சுமுட்டு வந்தால் விடியட்டும் என்று இராதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. சிறுநீர் திரும்பச் சிவந்தாலும் டொக்டருக்குச் சொல்லு.

சின்னவனைத் தூக்காதே. அழுதால் அழட்டும். நீ செற்றியில் இரு, அவனே ஏறி உன் பக்கத்தில் வந்து இருப்பான். பனி வழிக்கிறதை மருமகன் பார்ப்பார்.

சாப்பாட்டைக் குறைக்காதே. மெலிந்த உடம்பில் கொழுப்புக் குறைந்து அந்த இரண்டு நாடிகளுக்கும் இடைவெளி இன்னும் ஒடுங்கும். நீ சின்னனிலேயே ஒல்லி.

எத்தனையோ பேருடைய பிள்ளைகளைப் பார்த்த எனக்கு, உன் கட்டிலடியில் நிற்கக் கிடைக்கவில்லையே என்ற கவலை பெரிது. அப்பாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேலைக்கு எப்போது போகலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று உன் டொக்டரிடமே கேள். அவர் சொன்னதை அப்படியே எனக்குச் சொல்லு. இரத்த ஓட்டம் பார்க்கிற டொப்ளர் ஸ்கான் திகதியையும் அறிவி.

அன்புடன்,
அம்மா