மலை ஓட்டமும் டீசல் வடிகட்டியும்

ஐயா,

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். புதிதாக வாங்கிய டீசல் கார். ஒரு வருடத்துக்குள் மூன்று முறை டி.பி.எஃப். (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி) லைட் எரிந்தது. மூன்றாவது முறை வெலிங்டன் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தும் இழுக்கவில்லை, பின்னால் வந்த மினி பஸ் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. சர்வீஸில் கம்ப்யூட்டரை மாட்டி, நிறுத்தி வைத்தே கரியை எரித்துக் கொடுத்துவிட்டு, "நீங்க ஓட்டுற விதம் சரியில்லை சார்" என்றார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட 3 கிலோமீட்டர், அப்புறம் மார்க்கெட், சாயங்காலம் மறுபடி அதே 3. இதில் என்ன தப்பு?

மேட்டுப்பாளையத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவர்தான் புரியவைத்தார். பழைய டி.பி.எஃப். ஒன்றை அறுத்து வைத்திருந்தார். தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன குழாய்கள், ஒன்றுவிட்டு ஒன்று வாய் அடைத்திருக்கிறது, அதனால் புகை சுவர் வழியாகக் கசிந்துதான் வெளியே போக முடியும், கரி சுவரிலேயே தங்கிவிடும். விரலை வைத்தேன், மை மாதிரி அப்பிக்கொண்டது. கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து, ஏறத்தாழ 600 டிகிரிக்குச் சூடேற்றி அதை எரிக்கும். அதற்குப் பத்திருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நம்ம ஊர்க் குளிரில் இன்ஜின் சூடாவதற்குள் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறதே! பாதியில் ஆஃப் செய்தால் கரி அப்படியே இருக்கும், எரியாத டீசல் ஆயிலில் இறங்கி அதையும் நீர்க்கவைக்கும்.

மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் போதாதா என்று கேட்டேன். சிரித்தார். கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை என்றால் இன்ஜினுக்கு டீசலே போகாது, வெறும் காற்று போய் வடிகட்டி ஆறிவிடுமாம். ஏற்றம்தான் நல்லது, சீசன் நெரிசலில் நின்று நின்று ஏறினால் அதுவும் பிரயோஜனமில்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீழே இறங்கி, காரமடைப் பக்கம் அரைமணி நேரம் ஒரே சீராக ஓட்டிவிட்டு வருகிறேன், லைட் எரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் ஃபேன் இரைந்துகொண்டு, சூட்டு வாடை அடித்தால் கரி இன்னும் எரிகிறது என்று அர்த்தம், உடனே இன்ஜினை ஆஃப் செய்வதில்லை. காய்ந்த சருகின் மேல் நிறுத்துவதும் இல்லை.

ஆயிலும் முக்கியம். கரி எரியும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கும். அதனால் கம்பெனி சொன்ன ரகத்தைத்தான் ஊற்ற வேண்டும்.

"அறுத்து எறிந்துவிடுங்கள், தொல்லை விட்டது" என்பவர்களும் உண்டு. அது சட்டப்படி தப்பு. தவிர, அந்தக் கரியைச் சுவாசிக்கப்போவது நம் பிள்ளைகள்தான்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வாகனப் புகை விதி வந்த பிறகு இந்த வடிகட்டி இல்லாத புது டீசல் காரைப் பார்ப்பது அரிது. அப்படியிருக்க, மலையில் வண்டி விற்பவர்கள் தவணைக் கணக்கு போடும் முன் "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? என்னிடம் கேட்டிருந்தால் பெட்ரோல் வண்டியே எடுத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்