தேருக்கு ட்ரைபொட் வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். லென்ஸ் பழையது, அதனால்தான் படங்கள் கலங்குகின்றன, புதியது வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பொறு பிள்ளை. அந்த 50 மி.மீ. லென்ஸின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இரவில் எடுத்த தெருப் படத்தை மறுபடி பார். ஒவ்வொரு விளக்கும் சிறு கோடாக இழுபட்டு, நுனியில் கொக்கியாக வளைந்திருக்கிறது. எல்லாக் கொக்கிகளும் ஒரே வடிவம், ஒரே பக்கம். ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் உன் கை போன வழி அது. போக்கஸ் தவறியிருந்தால் விளக்குகள் கோடாகாமல் வட்டங்களாக ஊதியிருக்கும். முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது கூராக விழுந்திருக்கும். பேரனின் ஊஞ்சல் படம் வேறு கதை. சங்கிலி கூராக இருக்கிறது, அவனுடைய கால்கள் மட்டும் கலங்கியிருக்கின்றன. அங்கே ட்ரைபொட் என்ற கமரா முக்காலி வைத்தாலும் பயனில்லை. ஷட்டரைத்தான் விரைவாக்க வேண்டும்.

கையில் பிடித்து எடுக்கப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 50 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் 1/60 செக்கன், 135க்கு 1/250. தபாலட்டை அளவுப் படத்துக்கு அது போதும். நீயோ திரையில் கண்ணிமையை எண்ணுகிறவள், ஆகவே ஒரு படி கூட்டி 50க்கு 1/125 வை. முழங்கைகளை விலாவோடு ஒட்டு. இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் இருக்கட்டும். பாதி மூச்சை விட்டபின் பொத்தானை மெல்ல அழுத்து, குத்தாதே. சுவரோ தூணோ கிடைத்தால் வெட்கப்படாமல் சாய்ந்துகொள்.

ஆவணியில் நல்லூர்த் தேருக்கு வரும்போது ட்ரைபொட்டை வீதிக்குக் கொண்டுவராதே. அந்தச் சனத்துக்குள் அதன் கால்கள் யாரையாவது விழுத்தும். தேவையும் இல்லை. தொண்ணூறுகளில் பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வரத் தடை இருந்தபோது, இந்த நிக்கோன் எஃப்எம்2 கமராவின் ஒளியளக்கும் மீட்டர் செத்துக் கிடந்தது. ஷட்டர் மட்டும் பற்றரி இல்லாமலே வேலை செய்தது. வெயிலை நம்பித்தான் எடுத்தோம்: நல்ல வெயிலில் 100 வேகப் பிலிமுக்கு லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 1/125. 400 பிலிம் போட்டால் எஃப் 11இல் 1/1000 கிடைக்கும். வடம் பிடிப்பவர்களின் தோள்கூட அதில் உறைந்து நிற்கும்.

நெடுந்தீவுக்குப் போகும்போது ட்ரைபொட் வரட்டும், ஆனால் படகில் அதை விரிக்காதே. குறிகட்டுவானிலிருந்து படகு புறப்பட்டதும் எஞ்சினின் அதிர்வு பலகை முழுவதும் ஏறும். கைபிடிக் கம்பியில் கமராவை ஊன்றுவது அதைவிட மோசம். எதிலும் சாயாமல், முழங்காலைத் தளர்த்தி நின்று, 1/500க்குக் குறையாமல் எடு. தரையிறங்கியபின் பெருக்கு மரத்துக்கும் பவளக்கல் மதில்களுக்கும் ட்ரைபொட் கைகொடுக்கும். நடுத்தண்டை உயர்த்தாதே. சோளகக் காற்று அடிக்கும் மாதம், ஆகவே பையைத் தண்டில் தொங்கவிடு. அதன் அடி நிலத்தில் தொட்டுக்கொண்டிருக்கட்டும், இல்லையென்றால் பையே ஆடி ட்ரைபொட்டையும் ஆட்டும். பனையோலை எப்படியும் கலங்கும். மரம் கூராக நின்றால் அதுவே அழகு.

ட்ரைபொட் கிடைத்துவிட்டது என்று எஃப் 22க்கு ஓடாதே. துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுவதும் மென்மையாகிவிடும். எஃப் 8 நல்லது. பண்ணைப் பாலத்தில் விடியலில் எடுக்கும்போது பஸ் போய் அதிர்வு அடங்கும்வரை பொறு. இன்னொன்று, 1/8, 1/15 போன்ற வேகங்களில் கமராவுக்குள் கண்ணாடி எழும்பும் அடியே படத்தைக் கெடுக்கும். உன் கமராவில் டைமரைப் போட்டால் கண்ணாடி முதலில் எழும்பிவிடும், ஷட்டர் சில செக்கன் கழித்துத் திறக்கும். கமராவைத் தொடாமல் பொத்தானை அழுத்தும் கேபிள் ரிலீஸ் இருந்தாலும் அசையாத பொருளுக்கு நான் டைமரைத்தான் போடுவேன்.

அம்மம்மாவைத் தயவுசெய்து கையில் பிடித்தே எடு. ட்ரைபொட்டைக் கண்டால் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைத்துவிடுவார். திண்ணைத் தூணில் சாய்ந்து, எஃப் 2இல் 1/60 வைத்து, கதை கேட்டுக்கொண்டே எடு. கூரான விறைப்பைவிடச் சற்றுக் கலங்கிய சிரிப்பு எனக்கு மேல்.

பிலிமைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வை. விமான நிலையத்தில் கையால் சோதிக்கச் சொல்லிக் கேள். புதிய ஸ்கானர்கள் அதைப் புகைமூட்டிவிடும். கேபிள் ரிலீஸ் ஒன்றும் வாங்கி வா, இங்கே தேடியும் கிடைக்கவில்லை. மருமகனையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா