ரெண்டு நிலா பெட்டி: நன்கொடை கேட்டு கொஞ்சம் நீளமான மெசேஜ்

எல்லாருக்கும் வணக்கம். கமிட்டி சார்பா இத நான் டைப் பண்றேன், மத்தவங்களும் படிச்சுப் பாத்து சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் அனுப்புறேன், அதனால நீளத்துக்கு என்ன மட்டும் திட்டாதீங்க.

ஆகஸ்ட் பொறந்தா டான்னு ஒரு ஃபார்வேர்டு வந்துரும், பாத்திருப்பீங்க. "27ஆம் தேதி ராத்திரி வானத்துல ரெண்டு நிலா தெரியும், செவ்வாய் நிலா சைஸுக்கு வரப்போகுது, இத விட்டா இந்த ஜென்மத்துல பாக்க முடியாது"ன்னு. நம்ம குரூப்லயும் ஒருத்தர் போட்டாரு. போட்ட அஞ்சாவது நிமிஷம் நாலு பேரு பாஞ்சு, பொய்யு, டெலீட் பண்ணுங்கன்னு சொல்லிட்டோம் (ஆமா, அந்த நாலுல நானும் ஒருத்தன்). அவரு பாவம் டெலீட் பண்ணிட்டு ஒரு வாரம் வாயே தொறக்கல.

அப்புறம்தான் தெரிஞ்சுது, அது முழுப் பொய் இல்ல, தலை போன உண்மை. 2003 ஆகஸ்ட் 27ல செவ்வாய் நமக்கு 5.58 கோடி கிலோமீட்டர் தூரத்துல வந்துச்சு, கிட்டத்தட்ட 60,000 வருஷத்துல அவ்வளவு பக்கத்துல வந்ததே இல்ல. அப்ப சுத்துன மெயில்ல இருந்த விஷயம் என்னன்னா, 75 மடங்கு பெருசாக்கிக் காட்டுற டெலஸ்கோப்ல செவ்வாயப் பாத்தா, வெறும் கண்ணுல நிலா எவ்வளவு பெருசா தெரியுமோ அவ்வளவு பெருசா தெரியும்னு. இது சரியான கணக்குதான். அன்னைக்கு செவ்வாயோட அகலம் 25 ஆர்க் செகண்ட் (வானத்துல கோணத்த அளக்குற அளவு, ஒரு டிகிரில 3,600ல ஒரு பங்கு), முழு நிலா 1,800க்கு மேல, வகுத்துப் பாருங்க எழுபது சொச்சம் வரும். கை மாறிக் கை மாறி வரும்போது யாரோ டெலஸ்கோப்பக் கழட்டி விட்டுட்டாங்க, நிலா மட்டும் மிஞ்சிருச்சு.

இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அவருகிட்ட போய் விளக்கினேன். கேட்டுட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாரு, "சரி தம்பி, அப்ப அந்த டெலஸ்கோப்ல காட்டு". காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்ல. இந்த மெசேஜே அதுக்குத்தான்.

நம்ம கேக்க வர்றது ஒரு பெட்டி. ஒரு டெலஸ்கோப், ஒரு மைக்ராஸ்கோப், கூட நாலஞ்சு சின்னச் சாமான், எல்லாம் ஒரே செட்டா யாரு வேணும்னு சொல்றாங்களோ அவங்க வீட்டுக்கு ரெண்டு வாரம் போகும், அப்புறம் அடுத்த வீடு. லைப்ரரி புக்கு மாதிரி. இந்தக் குரூப்ல தினமும் என்னென்னவோ கேள்வி வருது, அதுக்குப் பதிலும் போன்ல ஒரு நிமிஷத்துல கிடைச்சிருது, அத யாரும் குறை சொல்லல. ஆனா பதிலப் படிச்சா பத்து நாள்ல மறந்துருது, ஒரு தடவ கண்ணால பாத்தது நிக்குது. அவ்வளவுதான் எங்க வாதம்.

இப்ப ஒரு உண்மைய ஒத்துக்கணும். நம்மகிட்ட ஒரு டெலஸ்கோப் ஏற்கெனவே இருந்துச்சு, வெளிச்சத்தச் சேக்குற 8 இஞ்ச் குழிக் கண்ணாடி போட்டது, ஒரு உறுப்பினர் சும்மாவே குடுத்தாரு. அதக் கெடுத்தது நான். எப்படின்னு எழுதியே ஆகணும்னு கமிட்டில கண்டிஷன் போட்டுட்டாங்க.

2025 நவம்பர்ல ஒரு ராத்திரி சனி பாக்க எல்லாரையும் கூப்பிட்டிருந்தோம். வந்தவங்க எல்லாம் வளையத்த எதிர்பாத்து வந்தவங்க. எட்டிப் பாத்தா ஒரு உருண்டை, அதுக்குக் குறுக்க ஊசியால கீறின மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். "வளையம் எங்கப்பா?" "டெலஸ்கோப் போச்சுப்பா" "போட்டோல எல்லாம் சூப்பரா இருக்குமே"ன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்ல எனக்கு மானமே போச்சு, டார்ச் அடிச்சுப் பாத்தா கண்ணாடி மேல லேசா தூசி, ஓ இதான் காரணம்னு முடிவு பண்ணி போட்டிருந்த சட்டை நுனியாலயே நல்லா அழுத்தித் துடைச்சேன். துடைக்கத் துடைக்க வட்ட வட்டமா கோடு விழுந்துச்சு. முகம் பாக்குற கண்ணாடி மாதிரி டெலஸ்கோப் கண்ணாடில அலுமினியப் பூச்சு பின்னாடி இருக்காது, முன்பக்கமே இருக்கும், அதோட தடிமன் தலைமுடில பல நூத்துல ஒரு பங்குதான். தூசியோட சேத்து அழுத்தினா உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரிதான்.

இதுல கொடுமை என்னன்னா கண்ணாடி மேல தப்பே இல்ல. சனியோட வளையம் ஓரத்துக்கு ஓரம் 2,70,000 கிலோமீட்டர் அகலம், ஆனா தடிமன் பெரும்பாலான இடத்துல சில பத்து மீட்டர்தான். சுமாரா 15 வருஷத்துக்கு ஒரு தடவ அது நமக்கு சரியா பக்கவாட்டுல திரும்பி நிக்கும், ஒரு பேப்பர கண்ணுக்கு நேரா படுக்கையாப் பிடிச்சா கோடு மாதிரி தெரியுமே அந்த மாதிரி. 2025 மார்ச்ல அது நடந்துச்சு, நவம்பர்ல திரும்பவும் மெலிஞ்சு கோடாயிருச்சு. செய்தில எல்லாம் வந்ததுதான், நான்தான் படிக்கல. கலிலியோவுக்கே இதே கதி. 1610ல சனிக்கு ரெண்டு பக்கமும் ஏதோ ஒட்டிட்டு இருக்குன்னு பாத்து வச்சவரு, 1612ல பாத்தா அதக் காணோம், மனுஷன் குழம்பிப் போயிட்டாரு. அது வளையம்னு டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் புத்தகத்துல போட்டதே 1659லதான். ஆனா கலிலியோ சட்டையால துடைச்சதா எங்கயும் இல்ல.

அதனால நன்கொடைல மொத வேலை அந்தக் கண்ணாடிக்கு ரீகோட்டிங். பழைய பூச்ச ரசாயனத்துல கரைச்சு எடுத்துட்டு, காத்து இல்லாத அறைக்குள்ள வச்சு அலுமினியத்த ஆவியாக்கி மறுபடி படிய வைப்பாங்க. அடில இருக்குற கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல, அது தப்பிச்சுது. அந்த வளைவ ஒரு மைக்ரானவிட (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) பொடிசான துல்லியத்துல தேச்சுக் கொண்டு வர்றதுதான் கஷ்டமான வேலை, அத மறுபடி செய்ய வேண்டியதில்லங்கறதால புதுசு வாங்கறதவிட ரொம்பக் கம்மில முடியும். 8 இஞ்ச் போதுமான்னு சிலர் கேட்டீங்க. இருட்டுல நம்ம கண்மணி விரிஞ்சா 7 மில்லிமீட்டர், இந்தக் கண்ணாடி 200 மில்லிமீட்டர், கண்ணுக்குள்ள போறதப் போல 800 மடங்கு வெளிச்சத்த அள்ளும். நமக்கு இது தாராளம்.

மோட்டார் வச்ச ஸ்டாண்டு வாங்கணுமா வேண்டாமான்னு கமிட்டில பெரிய சண்டை, ரெண்டு மீட்டிங் இதுலயே போச்சு. மோட்டார் இருந்தா அதுவே கிரகத்தப் பின்தொடரும், நம்ம தள்ள வேண்டியதில்ல. மோட்டார் வேண்டாம்னு கடைசில முடிவாச்சு, அதுக்குக் காசு மொதக் காரணம் இல்ல. 133 மடங்குல வச்சு சனியப் பாத்தா, அது இந்த ஓரத்துல நுழைஞ்சு அந்த ஓரத்துல வெளிய போக ஒன்றரை நிமிஷம்தான் ஆகும். மொத தடவ பாக்குறவங்க எல்லாரும் "ஐயோ ஓடுது ஓடுது"ன்னு கத்துவாங்க. ஓடுறது சனி இல்ல, நம்ம நிக்கிற தரை. பூமி சுத்துதுன்னு சின்ன வயசுலருந்து படிச்சிருக்கோம், அத நேர்ல பாக்குற ஒரு நல்ல இடம் இது, மோட்டார் மாட்டினா அதயும் மறைச்சிருவோம். அதனால மரப்பலகைல பண்ற சாதாரண சுழல் அடிப்பாகம்தான், டாப்சோனியன்னு சொல்லுவாங்க. இந்த மாடல பிரபலமாக்கின ஜான் டாப்சன் அமெரிக்காவுல கலிஃபோர்னியால வேதாந்த மடத்துல 23 வருஷம் துறவியா இருந்தவரு, கப்பல் ஜன்னல் கண்ணாடியத் தேச்சு டெலஸ்கோப் பண்ணித் தெருவுல வச்சுப் போற வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவாரு. மடத்து வேலையவிட இதுலயே கிடக்குறாருன்னு 1967ல அனுப்பிட்டாங்க. கைல காசு இல்ல, ஆனா காட்டறத விடல. நம்மள அனுப்ப மடம் எதுவும் இல்லங்கறது ஒரு வசதி.

அடுத்தது மைக்ராஸ்கோப். இதுக்கு ராத்திரி வேண்டாம், வானம் தெளிவா இருக்கணும்னு இல்ல, தேங்கின தண்ணி ஒரு சொட்டு போதும். நான் ஒரு இடத்துல கடன் வாங்கிப் பாத்தத சொல்றேன். குட்டைத் தண்ணில தத்தித் தத்திப் போகுமே கடுகவிடச் சின்னதா ஒரு பூச்சி, டாப்னியான்னு பேரு, அத ஒரு சொட்டுத் தண்ணியோட கண்ணாடித் துண்டுல விட்டு இருக்குறதுலயே சின்ன லென்ஸ்ல வச்சா உடம்பு முழுக்க கண்ணாடி மாதிரி உள்ள எல்லாம் தெரியும். முதுகுப் பக்கம் ஒரு சின்னப் பை படபடபடன்னு துடிச்சிட்டு இருக்கும், அதான் இதயம். எண்ணலாம்னு பாத்தா வாயால எண்ண முடியல, அவ்வளவு வேகம். அப்ப பக்கத்துல இருந்த பத்து வயசுப் பொண்ணு ஒரு பேப்பர் எடுத்து, லென்ஸ்லருந்து கண்ண எடுக்காம, ஒவ்வொரு துடிப்புக்கும் பேனாவால ஒரு புள்ளி குத்திட்டே போச்சு, பத்து செகண்டுக்கு நிறுத்தி அப்புறம் புள்ளிய எண்ணினோம், 38 வந்துச்சு. நிமிஷத்துக்கு 228. அப்புறம் அந்தப் பொண்ணு தன் கழுத்துல கைய வச்சு நாடிய எண்ணிட்டு என்னப் பாத்து "எனக்கு ஏன் இவ்வளவு கம்மி அங்கிள்"னு கேட்டுச்சு. சின்ன உடம்புன்னா வேகமாத் துடிக்கும்னு பொதுவா சொல்லலாம், ஆனா நான் உடனே சொல்லல, யானைக்கு எவ்வளவுன்னு போய்ப் பாத்துட்டு வான்னு அனுப்பினேன். (நிமிஷத்துக்கு 30 சுமார். அதுவே கண்டுபிடிச்சு வந்து சொல்லுச்சு.)

லேவன்ஹூக்குன்னு டச்சுக்காரர் ஒருத்தர், துணி வியாபாரி, தானே தேச்ச ஒத்தை லென்ஸ்ல தண்ணிக்குள்ள உயிர் இருக்குறதப் பாத்து 1676ல லண்டன்ல இருக்குற ராயல் சொசைட்டிங்கற விஞ்ஞானிகள் சங்கத்துக்கு லெட்டர் போட்டாரு, மொதல்ல அவங்களே நம்பல. நமக்கு 4, 10, 40 மடங்கு லென்ஸ் மூணும் போட்ட சாதாரண மாணவர் மைக்ராஸ்கோப் போதும். 100 மடங்கு லென்ஸ் வேண்டாம், அதுக்கு எண்ணெய் விடணும், எண்ணெயத் துடைக்கணும், துடைக்கிற வேலைக்கு இந்தக் குரூப்ல யாரையும் நம்பறதா இல்ல.

மத்த சாமான் எல்லாம் சின்னதுதான். ஒரு 10x50 பைனாகுலர் (10 மடங்கு பெருசாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்). சூரியனப் பாக்க ஃபில்டர், அது டெலஸ்கோப் முன்வாய்ல மாட்டுறது மட்டும்தான், கண்ணு வைக்கிற பக்கம் மாட்டுறது சூட்டுல வெடிச்சுக் கண்ணு போயிரும், அந்த மாதிரி யாராவது வச்சிருந்தா சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டோம். மழை அளக்க ஒரு நேர்சுவர் டப்பா. நியூஸ்ல 5 சென்டிமீட்டர் மழைன்னா என்னன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியல, ஒரு சதுர மீட்டருக்கு 50 லிட்டர்னு அர்த்தம், டப்பாவ மொட்டைமாடில வச்சிட்டா வேற விளக்கமே வேண்டாம்.

எல்லாத்துக்கும் பெட்டி பதில் சொல்லிடும்னும் நினைக்காதீங்க. 2025 பிப்ரவரில 2024 ஒய்ஆர்4னு ஒரு விண்கல் 2032ல பூமில விழ 3 சதவீதம் வாய்ப்புன்னு நியூஸ் வந்துச்சே, மொதல்ல 1ன்னாங்க, அப்புறம் 2, அப்புறம் 3, எல்லாரும் பயந்தோம், மாசக் கடைசில ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஏமாத்துறாங்கன்னு இங்கயே பேச்சு வந்துச்சு. அதுக்கு டெலஸ்கோப் வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும்: தரைல பெரிய வட்டம் போட்டு அதுக்குள்ள எங்கயோ பந்து விழும்னு வச்சுக்கிட்டு நீங்க உள்ள ஒரு ஓரத்துல நில்லுங்க (பந்துதான் விண்கல், நீங்கதான் பூமி), அளவு துல்லியமாக ஆக வட்டம் சுருங்கும், நீங்க உள்ள இருக்குற வரைக்கும் உங்க மேல விழுற வாய்ப்பு ஏறிட்டேதான் போகும், இன்னும் ஒரு தடவ சுருங்கினா வட்டத்துக்கு வெளிய நிப்பீங்க, சட்டுன்னு பூஜ்யம். அதனால பெட்டில ஒரு சாக்பீஸ் டப்பாவும் உண்டு.

காசு விஷயம். ஆளுக்கு இவ்வளவுன்னு நாங்க போடல, போட்டா அதுக்குக் கீழ குடுக்க நினைக்கிறவங்க கூச்சப்பட்டு ஒதுங்கிடுவாங்க, மேல குடுக்க நினைக்கிறவங்க அதோட நிறுத்திருவாங்க. முடிஞ்சத குடுங்க. யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு குரூப்ல போட மாட்டோம், எதுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு மட்டும் பில்லோட போடுவோம். கணக்கு பாக்குறது என் கைல இல்ல, கண்ணாடி விஷயத்துக்கு அப்புறம் என் கைல எதுவுமே இல்ல. காசு பத்தாம போனா மொதல்ல கண்ணாடி ரீகோட்டிங், அப்புறம் மைக்ராஸ்கோப், பைனாகுலர் கடைசி. மிஞ்சினா ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லும் நல்ல காத்துப் புகாத பெட்டியும், ஏன்னா மூடி வச்ச லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சா அது கண்ணாடியவே அரிச்சிரும்.

காசு தர முடியாதவங்க, மரவேலை தெரிஞ்சவங்க, அந்த அடிப்பாகத்துக்கு ரெண்டு நாள் உழைப்பு தாங்க, அது பெரிய விஷயம். ஐபீஸ், அதாவது டெலஸ்கோப்ல கண்ணு வைக்கிற பக்கம் மாட்டுற லென்ஸ், சும்மா கிடந்தா குடுங்க, முக்கியமா 16 மில்லிமீட்டரும் 9 மில்லிமீட்டரும் வேணும். ஏன் இந்த ரெண்டுன்னா, நம்ம கண்ணாடியோட ஃபோகல் லெங்த் (கண்ணாடிலருந்து வெளிச்சம் குவியுற இடம் வரைக்கும் உள்ள தூரம்) 1,200 மில்லிமீட்டர், அத ஐபீஸோட 16ல வகுத்தா எத்தனை மடங்குன்னு வரும், 75, அந்த ஃபார்வேர்டுல காணாம போன அதே 75. ஆனா 2027 பிப்ரவரி 19ல செவ்வாய் மறுபடி கிட்ட வரும்போது 10 கோடி கிலோமீட்டருக்கு மேல தள்ளித்தான் இருக்கும், அகலம் 13.8 ஆர்க் செகண்டுதான், அதுக்கு 133 மடங்கு வேணும், 9 மில்லிமீட்டர் போட்டா சரியா அது வருது. மறுநாளே முழு நிலா வேற, செவ்வாயும் நிலாவும் வானத்துல ஒரே பக்கத்துல நிக்கும். ஒரு கண்ண டெலஸ்கோப்ல வச்சு இன்னொரு கண்ணால நிலாவப் பாத்தா ரெண்டும் ஒரே சைஸு. அன்னைக்கு மொத ஆளா எட்டிப் பாக்கப் போறது அந்த மெசேஜ டெலீட் பண்ணின அண்ணன்தான், கமிட்டில தீர்மானம் போட்டாச்சு.

அதனால ரீகோட்டிங்குக்குக் கண்ணாடிய வர்ற டிசம்பருக்குள்ள அனுப்பியாகணும், அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. கமிட்டில யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம். பரண்ல பழைய பைனாகுலரோ லென்ஸோ கிடந்தா தூசியோட அப்படியே கொண்டு வாங்க, தயவுசெஞ்சு யாரும் துடைக்காதீங்க.