பழைய வேட்டை ரைஃபிளைப் புதுப்பிக்கத் தருபவர்களுக்கு, எங்கள் பட்டறையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தாத்தா காலத்து ரைஃபிளைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கும்போது சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. "என்னங்க, இன்னும் பழசாவே தெரியுதே?" என்கிறார்கள். காசு கொடுப்பவர் கேட்கத்தான் செய்வார். கவுன்டரில் நின்றபடி பதில் சொன்னால் பாதிதான் சொல்ல முடிகிறது, அதனால்தான் இந்த மடல்.

முதலில் காகித விஷயத்தை முடித்துக்கொள்வோம். துப்பாக்கியைத் தொடும் முன் லைசென்ஸைத்தான் வாங்கிப் பார்ப்போம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பழுது பார்க்கிறவருக்கும் தனி உரிமம் வேண்டும், அது எங்களிடம் இருக்கிறது. உங்கள் உரிமம் நடப்பில் இருக்க வேண்டும், அதில் எழுதியுள்ள எண்ணும் துப்பாக்கியில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உரிமம் உள்ளவரே வருவது நல்லது. முடியாதபோது அவர் எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதத்தோடு வேறொருவர் பழுதுக்கு எடுத்து வரச் சட்டம் இடம் தருகிறது.

"அப்பா தவறிட்டார், ரைஃபிள் பரண்ல இருக்கு, சுத்தம் பண்ணித் தர முடியுமா?" என்று போன் வருவதுண்டு. அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உரிமம் உள்ளவர் இறந்துவிட்டால், அந்தத் துப்பாக்கியையும் மிச்சமிருக்கும் தோட்டாக்களையும் தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ டெபாசிட் செய்து ரசீது வாங்க வேண்டும். அப்புறம்தான் வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு கலெக்டர் அலுவலகத்திலோ, மாநகரமானால் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலோ மனு போடலாம். அப்பா இருக்கும்போதே மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இருக்கக் கூடாது, முன்பு மூன்று இருந்தது. பரம்பரைச் சொத்து என்றாலும் இதே கணக்குதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் வேட்டை ரைஃபிள் என்றால் பெரும்பாலும் .315 தான். இது குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் எண். பட்டாளத்தின் .303 தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருக்க வெள்ளைக்காரர் ஆட்சி விடவில்லை, .303 இன்றும் தடை செய்யப்பட்ட ரகம்தான். அதனால் ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டாவுக்கு ஏற்ற ரைஃபிள்கள் .315 என்ற பெயரில் இங்கே ஓடின. இங்கிலாந்திலிருந்து பி.எஸ்.ஏ. கம்பெனி ரைஃபிள்கள் வந்தன, பின்னர் மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையும் செய்தது. உறுதியான சாமான். வெளியே துரு பிடித்துக் கிடந்தாலும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்புறத்தை அடைக்கும் போல்ட் வழுக்கிக்கொண்டு போகும்.

கெடுவது குழலின் உட்புறம். அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் இருந்த பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஒருவகை உப்பாக மாறி, குழலுக்குள் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஈரம் இரும்பை அரிக்கும். வால்பாறை, கூடலூர் மழையில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். பெரியவர்கள் எண்ணெய்தான் போட்டு வைத்திருப்பார்கள், ஆனால் எண்ணெயில் உப்பு கரையாது. கொதிக்கும் வெந்நீரை ஊற்றிக் கழுவி, காய வைத்து, அதற்குப் பிறகுதான் எண்ணெய். குழலுக்குள் சிறு விளக்கை விட்டுப் பார்த்தால், குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளங்களின் ஓரத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் தெரியும். அந்தக் குழியை எந்தப் பட்டறையாலும் நிரப்ப முடியாது. துருவை எடுத்து, அது மேலும் பரவாமல் நிறுத்தலாம், அவ்வளவுதான். உள்ளே விளக்கைக் காட்டி உங்களையும் பார்க்க வைத்த பிறகே வேலையை எடுத்துக்கொள்கிறோம்.

வெளிப்புறத்துக்கு எமரி தாளும் பஃபிங் சக்கரமும் எங்கள் பட்டறையில் கிடையாது. மெல்லிய எஃகுப் பஞ்சு, எண்ணெய், பொறுமை, இவைதான். பஃப் போட்டால் கண்ணாடி மாதிரி மின்னும், உண்மைதான். ஆனால் கூரான ஓரங்கள் மழுங்கும், கம்பெனியின் பெயரெழுத்து தேயும், எண்ணும் மங்கிப்போகும். அடையாள எண்ணை அழிப்பது அதே ஆயுதச் சட்டத்தில் குற்றம். குரோம் முலாம் பூசித் தரச் சொல்பவர்களுக்கும் எங்கள் பதில் இல்லை என்பதுதான். மின்னுகிற பழைய ரைஃபிளுக்கு அதைப் புரிந்தவர்கள் தரும் விலை குறைவு, மின்னுவதே அதற்குக் காரணம்.

இரும்பின் கருநீல நிறம் முழுக்கப் போயிருந்தால் மட்டும் ப்ளூயிங், அதாவது அந்த நிறத்தை மறுபடி ஏற்றும் வேலை, செய்கிறோம். துருவை வைத்தே துருவை அடக்கும் பழைய முறை இது. குழலில் மருந்து தடவி, ஈரக்காற்றில் வைத்து மெல்லிய செந்துரு படியவிட வேண்டும். பிறகு சுத்தமான நீரில் கொதிக்கவிட்டால் சிவப்பு கறுப்பாகும். மேலே பொடிபோல் நிற்பதை மென்மையான கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் நிறம் ஒரு படி ஆழமாகும். அவசரப்பட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். காஸ்டிக் சோடாக் கரைசலைக் காய்ச்சி அதில் முக்கினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒற்றைக் குழலுக்குச் சரி. இரட்டைக் குழலை அப்படி முக்கினால், இரண்டு குழலையும் ஒட்டி வைத்திருக்கும் ஈயப்பற்றைக் காஸ்டிக் தின்றுவிடும்.

தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். வார்னிஷ் அடித்துக் கொண்டுவருகிறார்கள், அதை எடுப்பதே பாதி வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மரம் தாழ்ந்து இரும்பு மேலே துருத்திக்கொண்டு நிற்கும், பிடியில் வெட்டிய கட்டங்களும் போய்விடும். நசுங்கிய இடத்தில் ஈரத்துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தொட்டால், ஆவி ஏறி நார் தானாக எழும்பும். எண்ணெய் ஊறிக் கறுத்த இடத்தில் சுண்ணாம்புக்கல் பொடியைக் குழைத்துப் பூசி உறிஞ்ச விடுவோம். கடைசியில் ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால் தேய்த்து, மெல்லிய பூச்சாக. தாத்தாவின் கன்னம் பட்டு வழவழப்பான இடத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். யாராவது அதையும் சமப்படுத்தச் சொன்னால் இருமுறை கேட்டுக்கொள்வோம்.

போல்ட்டில் பொறித்த எண்ணையும் ரைஃபிளில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒரே வீட்டில் இரண்டு ரைஃபிள் இருந்தால், துடைக்கும்போது போல்ட் மாறிவிடுவதுண்டு. மாறிய போல்ட் உள்ளே போகும், மூடும், ஆனால் தோட்டா உட்காரும் இடைவெளி சரியாக இருக்காது. அந்த இடைவெளியை அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்காமல் எதையும் "சுடலாம்" என்று எழுதித் தர மாட்டோம். சில ரைஃபிள்களுக்கு "பார்வைக்கு மட்டும்" என்றே எழுதுவோம், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வேட்டைக்கு எப்படியும் இடமில்லை, 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் அதை முடித்துவிட்டது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸில் எழுதியிருந்தாலும், தோட்டத்துக்கு வரும் பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது.

வீட்டுக்குப் போன பிறகு தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். கோத்தகிரிக் குளிரில் அது உறைந்துவிடும், நாளாக நாளாகப் பிசினாகி, தோட்டாவைத் தட்டிப் பற்றவைக்கும் உள் ஊசியையும் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு போதும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டவும் வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால், கொடுப்பதற்கு முந்தின நாள் குழலுக்கு உள்ளேயும் வெளியேயும் கொஞ்சம் கெட்டியாகவே எண்ணெய் பூசிக் கொடுங்கள். திரும்பி வந்த அன்றே துடைத்துப் பாருங்கள். செந்துரு தெரிந்தால் நீங்களே தேய்க்காமல் எங்களிடம் காட்டுங்கள். புதுத் துருவை எடுப்பது சுலபம், கூலியும் குறைவு.

இப்படிக்கு,
பட்டறையினர்