சிக்கிள் செல் குழந்தைகளுக்கு எத்தனை மில்லிகிராம்? மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துவிடும் பரம்பரை நோயான சிக்கிள் செல் இரத்தசோகையை 2047-க்குள் ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. ஏழு கோடிப் பேருக்குப் பரிசோதனை செய்வது இலக்கு. பரிசோதனை நடக்கிறது, முடிவைக் குறித்த அட்டையும் கொடுக்கிறார்கள். அட்டை கொடுத்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல். நீலகிரி மாவட்டத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான்.

இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவான இடங்களில் எங்கள் மலையும் ஒன்று. 1952-இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் அதைக் கண்டு எழுதினார்கள். அப்போது உலகின் பெரிய ஆய்வகங்கள் இந்த நோயைத்தான் துருவிக்கொண்டிருந்தன. இது ஹீமோகுளோபின் மூலக்கூறில் உள்ள கோளாறு என்று 1949-இல் லைனஸ் பாலிங் குழு நிறுவியது. குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வாலின் இருப்பதே அந்தக் கோளாறு என்பதை 1957-இல் வெர்னான் இங்ராம் கண்டறிந்தார். அதற்கும் முன்பே, 1948-இல், ஜேனட் வாட்சன் என்ற மருத்துவர் பச்சிளம் குழந்தைகளின் இரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்து, கருவிலிருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்று ஊகித்தார். இன்றைய முக்கியச் சிகிச்சைகள் இரண்டும் அந்த ஊகத்தின் வழியில் வந்தவையே.

ஒன்று, ஹைட்ராக்ஸியூரியா. கரு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது, விலை குறைவு. 1869-இலேயே தயாரிக்கப்பட்டு, பிற்காலத்தில் புற்றுநோய்க்குப் பயன்பட்ட இந்த மருந்துக்கு, சிக்கிள் செல்லுக்கென அமெரிக்காவில் ஒப்புதல் கிடைக்க 1998 ஆயிற்று. மற்றொன்று, மரபணுத் திருத்தம். கரு ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவின் வேலை 2008-இல் தெளிவானது. அந்த அடக்குதலைத் தளர்த்தும் காஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். பணம் இருந்தாலும், கீமோதெரபி கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலிசெய்த பிறகே திருத்திய அணுக்களைச் செலுத்த முடியும். வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க வேண்டும். மலிவான மரபணுத் திருத்தத்துக்காக டெல்லியில் நம் விஞ்ஞானிகள் உழைப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. வேலூரில், இரத்தம் சரியாக உறையாத ஹீமோபீலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை அளித்து 2024-இல் முடிவுகளை வெளியிட்டதையும் பெருமையோடு படித்தேன்.

என் கவலை அந்த முதல் மருந்தான ஹைட்ராக்ஸியூரியாவைப் பற்றியது.

நான் பணியில் இருந்தபோது கைக்கு வந்ததெல்லாம் 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதினால் தேவை 200. கேப்ஸ்யூலைத் திறந்து, பொடியைப் பத்து மில்லி தண்ணீரில் கலக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் நான்கு மில்லி எடுத்துப் புகட்டச் சொல்லித் தாய்க்குக் காட்டுவேன். மீதி ஆறு மில்லியைக் கொட்ட வேண்டும். அணுக்கள் பெருகுவதையே தடுக்கும் மருந்து இது. கையுறை இல்லாமல் பொடியைத் தொடக் கூடாது, கர்ப்பிணிகள் கிட்டவே வரக் கூடாது. அந்தத் தாயே கர்ப்பிணியாக இருந்தால் யார் கலக்குவது? பாட்டியைக் கூப்பிட்டு இன்னொரு முறை காட்டுவோம். தினமும் இதைச் செய்கிறார்களா என்று கேட்டால், செய்கிறோம் என்றுதான் சொல்வார்கள். குழந்தைகளுக்கேற்ற வடிவத்தை உருவாக்க 2024-இல் நீங்களே மருந்து நிறுவனங்களை அழைத்தீர்கள். மனமார்ந்த நன்றி. அது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரிக்கு வந்து சேரும் தேதி என்ன?

அடுத்தது அளவு. கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுத்தே வலித் தாக்குதல்களும் இரத்தம் ஏற்றும் தேவையும் குறைந்ததாக ஒடிசா நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. உகாண்டாவிலோ, குழந்தைகளுக்குத் தாங்கும் அளவுவரை படிப்படியாகக் கூட்டியது நிலையான அளவைவிடத் தெளிவாகப் பலன் தந்தது என்று 2020-இல் காட்டினார்கள். இந்திய நோயாளிகளிடம் கரு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்று அதிகம். ஆகவே ஆப்பிரிக்க அளவை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. நமக்குக் குறைவே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. எங்கள் பழங்குடிகளான பணியர், குறும்பர் குழந்தைகளுக்கு எது சரி? எங்கள் மருத்துவர்கள் அனுபவத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள். இந்த நோயில் இரத்தப் பரிசோதனை எண் மட்டும் போதாது என்பதற்கு வாக்ஸெலோட்டர் என்ற மருந்து சாட்சி: ஹீமோகுளோபின் எண் உயர்ந்ததை வைத்து 2019-இல் ஒப்புதல் பெற்றது; ஆபத்து நன்மையைவிட மிகுதி என்று 2024-இல் தயாரித்த நிறுவனமே உலகெங்கும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்த இரண்டு அளவுகளையும் நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வைக் கூடலூரிலும் வயநாட்டிலும் நடத்துங்கள். அதில் புதிய மூலக்கூறு எதுவும் இல்லை. பெரிய இதழ்கள் திரும்பிப் பார்க்காமல் போகலாம். ஆய்வகத்தில் கண்டது மருந்தாவதற்கு மிச்சமிருக்கும் வேலை என் கண்ணுக்கு இதுதான். மருந்து தொடங்கிய மாதங்களில் வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கான கருவியை ஊருக்கு அருகிலேயே வையுங்கள். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வரும் தாய்க்கு அந்தக் கூலியையும் ஆய்வுச் செலவில் சேருங்கள். இல்லையென்றால் இரண்டாவது மாதமே வரவு நின்றுவிடும், பிறகு மருந்து பலனளிக்கவில்லை என்று அறிக்கை எழுதுவார்கள்.

பரிசோதனை செய்தவர்களின் எண்ணிக்கையை வெளியிடுவதுபோல, நோய் உறுதியானவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் ஹைட்ராக்ஸியூரியா எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் மாவட்டவாரியாக வெளியிடக் கோருகிறேன். நீலகிரியிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
நீலகிரி மாவட்டம்